திருப்பு டீச்சர்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. பள்ளிக்கூட வாசலில் கால் வைத்துவிட்டால் அவள் திருப்பு டீச்சர். முதலில் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர்தான் அது. பிறகு பெற்றோர்கள் வாய்க்கு வந்தது, அப்புறம் டிராயிங் மாஸ்டர் வாய்க்கு வந்தது. ஒருநாள் தலைமையாசிரியையே, "திருப்பு டீச்சர் எட்டாம் வகுப்புக்குப் போகவும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரே கேட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அவளும் கூப்பிட்ட பேருக்கு ஏன் என்று கேட்கப் பழகிக்கொண்டாள்.

பெயர் வந்த கதை பெரிய கதை இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கில் அசமன்பாடு என்று ஒரு பாடம் வரும். இரண்டு பக்கமும் சமம் என்கிற சமன்பாட்டைப் பிள்ளைகள் ஒருவழியாகப் பழகிக்கொண்டு அப்பாடா என்று மூச்சு விடும்போது, இல்லை, ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது, இதிலும் எக்ஸைக் கண்டுபிடி என்று அது வந்து நிற்கும். கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது, வகுப்பது எல்லாம் பழைய மாதிரிதான். ஒரே ஓர் இடத்தில்தான் வம்பு. இரண்டு பக்கத்தையும் மைனஸ் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ, பெரிது என்ற குறி சிறிது என்று திரும்பிவிடும். பாதி வகுப்பு அங்கேதான் வழுக்கி விழும்.

அதற்கு அவள் ஒரு வித்தை வைத்திருந்தாள். பிள்ளைகள் இரண்டு கை விரல் நுனிகளையும் சேர்த்து, கூர் முனையை ஒரு பக்கமாக நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் குறி. மைனஸால் வகுக்கிற இடம் வந்ததும் அவள் டஸ்டரால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "திருப்பு" என்பாள். அத்தனை கைகளும் ஒரே வீச்சில் மறுபக்கம் திரும்பும். சாக்பீஸ் தூள் புகை மாதிரி கிளம்பும். கணக்கு என்றால் காததூரம் ஓடுகிற பிள்ளைகள்கூட அந்த ஒரு தட்டுக்காகக் காத்திருப்பார்கள். பொதுத்தேர்வில் அந்த ஒரு கேள்வியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதிப்பெண் விட்டதே இல்லை.

அந்த நல்ல பேரால்தான் பின்னால் அவளுக்கு வினையே வந்தது. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டாவதில் நிற்க வேண்டும். முதலில் நின்றால் இரண்டாவதிலும் நிற்க வேண்டும். அதில் மட்டும் என்றைக்குமே எந்தக் குறியும் திரும்பவில்லை. கால் வீக்கம், கண்ணெரிச்சல், திருத்த வேண்டிய தாள்களால் கனத்த பை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது முகத்தில் ஈயாடாது.

வீட்டில் அவள் புருஷன். பெயிண்டராக இருந்தவர். மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி பூசுகிற ஆள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் போய்விட்டது. பேச்சும் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை வரும், அதற்கும் அவர் உதட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். காலையில் அவரைக் குளிப்பாட்டி, மதியச் சாப்பாட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் மூடி வைத்து, கதவைப் பக்கத்து வீட்டு அக்கா தள்ளிப் பார்க்கும்படி ஒருக்களித்துவிட்டு அவள் பஸ் ஏறுவாள். சாயங்காலம் வரை அவர் பாடு அவருக்கு.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். காலையில் விழுந்தவர். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை. கூப்பிட அவருக்குக் குரல் இல்லை. டீச்சர் இரண்டு பஸ் மாறி, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து "என்னங்க" என்று குரல் கொடுத்தபோது பதில் வரவில்லை. ஈரத்தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். எலும்பு எதுவும் உடையவில்லை என்று டாக்டர் சொன்னார். உடைந்தது வேறு. அவளைப் பார்த்ததும் அவர் அழவில்லை, கோபப்படவில்லை, "பஸ்... லேட்டா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அவளால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அவள் வீட்டுத் தெருமுனையிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தது. மதிய மணி அடித்தால் நடந்து வந்து, அவருக்குச் சாப்பாடு ஊட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டு மறுபடி வகுப்புக்குப் போய்விடலாம். மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஆனால் இருக்கிற பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, அனுப்ப ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் அது நகரும்.

"பால் கறக்கிற மாட்டை யாராவது சந்தையில விடுவாங்களா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியை. "நீங்க போனா கணக்கு ரிசல்ட் கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆயிடும். அடுத்த வருஷம் பாப்போம்."

முதல் தடவை கேட்டபோது அது பாராட்டு மாதிரி இருந்தது. பிறகு கேட்கக் கேட்க, அந்த வாக்கியத்தில் மாடு மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. பாதி காலியிடத்தோடு பள்ளிக்கூடத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவர். இருக்கிற நல்ல சக்கரத்தைக் கழற்றிக் கொடு என்றால் யார்தான் கொடுப்பார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருஷத்து அசமன்பாடு பாடம் வந்தது. வேறு வருஷமாக இருந்தால் அவள் முதலில் எண்கோடு போட்டு, எந்த எண் எங்கே நிற்கிறது, மைனஸால் பெருக்கினால் ஏன் இடம் மாறுகிறது என்று இரண்டு வகுப்பு நிதானமாக உட்கார்ந்து சொல்லிவிட்டு, கடைசியில்தான் வித்தையை அவிழ்ப்பாள். இந்தத் தடவை அவள் உடம்பு மட்டும்தான் வகுப்பில் இருந்தது, மனசு ஈரத்தரையில் கிடந்தது. எண்கோட்டை விட்டுவிட்டாள். நேரே டஸ்டரைத் தூக்கி, "மைனஸ் வந்தா திருப்பணும், தெரிஞ்சுதா?" என்றாள். தட்டினாள். பிள்ளைகள் திருப்பினார்கள். மணி அடித்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அன்றைக்கு அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் கல்வி ஆய்வாளர் வந்தார். கழுத்தில் கைக்குட்டை, தூசி படிந்த செருப்பு, எங்கே நாற்காலி என்று தேடுகிற கண். அவரும் ஊர்ப்பட்ட மாடிகள் ஏறி இறங்கிக் களைத்த மனிதர்தான். தலைமையாசிரியை அவரைப் பெருமையோடு எட்டாம் வகுப்புக்குக் கூட்டிவந்து, "எங்க கணக்கு டீச்சர் சார்" என்று பூரித்துப்போய் நின்றார்.

அவர் சாக்பீஸை எடுத்து −3x > 12 என்று எழுதினார். டீச்சர் தட்டினாள். கைகள் திரும்பின. எக்ஸ், மைனஸ் நாலைவிடச் சிறிது என்று வகுப்பு ஒரே குரலில் பாடியது. ஆய்வாளருக்கே சிரிப்பு வந்தது. "பரவாயில்லையே" என்று அதைத் துடைத்துவிட்டு, போகிற போக்கில் 2x > −6 என்று எழுதினார்.

இதில் திருப்ப வேண்டியதில்லை. வகுக்கிற எண் வெறும் இரண்டு. மைனஸ் வலப்பக்கத்தில் தேமே என்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் கண்ணில் பட்டது அந்தக் கோடு மட்டும்தான். டீச்சர் தட்டாமலே அத்தனை கைகளும் விசுக்கென்று திரும்பின. "எக்ஸ், மைனஸ் மூணைவிடச் சிறிது சார்!"

"ஏன் திருப்புனீங்க?"

"மைனஸ் இருக்கு சார்."

"சரி. மைனஸ் மூணைவிடச் சிறிசா ஒரு எண் சொல்லு பாப்போம்." முதல் பெஞ்சில் இருந்த சின்ன உருவத்துப் பெண்ணைக் காட்டினார். குரலும் உருவமும் ஒன்றுபோல இருப்பதால் அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள்.

"மைனஸ் பத்து சார்."

"ரெண்டால பெருக்கு."

"மைனஸ் இருபது."

"மைனஸ் இருபது, மைனஸ் ஆறைவிடப் பெரிசா?"

குருவி பலகையை மறுபடி பார்த்தாள். வகுப்பு முழுக்கக் கைகள் மெல்ல மடிக்குள் இறங்கின. டீச்சருக்குக் காது மடல் சுட்டது. தப்பு யாருடையது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. குதிரை குர்ரம் என்றால் யானை அர்ரம் என்கிற கணக்காக, காரணத்தைச் சொல்லாமல் சத்தத்தை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"அடுத்த வாரம் மறுபடி வரேன்மா" என்றார் ஆய்வாளர். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அவர் போன கையோடு தலைமையாசிரியை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இதுக்கா உங்கள விடாமக் கையில பிடிச்சு வச்சிருந்தேன்? அந்தாளு முன்னாடி என் மானமே போச்சு. அடுத்த வாரமும் இந்தக் கூத்து நடந்துச்சுன்னா, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன். அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க."

டீச்சர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தாள். டிராயிங் மாஸ்டர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தெரியாத ரகசியம் கிடையாது, தெரிந்ததை அவர் ரகசியமாக வைத்துக்கொண்டதும் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்ன டீச்சர் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க. அடுத்த வாரம் பிள்ளைங்க இதே மாதிரி கையத் திருப்பட்டும். மறுநாள் நீங்க உங்க தெருவுல இருப்பீங்க."

"பிள்ளைங்களத் தப்பா விட்டுட்டா?"

"அடுத்து வர்றவங்க சரி பண்ணிக்குவாங்க. எக்ஸ் எங்கயும் ஓடிப்போயிடாது. அன்னைக்கு அவரு விழுந்து கிடந்தாரே, அதை நினைச்சுப் பாருங்க."

அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததை வாய்விட்டும் சொன்னாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் கிடந்தது, பஸ் லேட்டா என்று கேட்டது, இப்போதும் ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும் முன் உள்ளே சத்தம் கேட்கிறதா என்று தான் காது கொடுப்பது, எல்லாவற்றையும். ஆசிரியர் அறைக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் இருந்தது சுவர் இல்லை, ஒட்டுப்பலகைத் தடுப்பு. அது கூரை வரை போகவும் இல்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். இருவருக்கும் அது தெரியும்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் ஞாபகத்தில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் புருஷனிடமும் சொன்னாள். "நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். அடுத்த மாசம் மத்தியானம் உங்களுக்கு நானே ஊட்டி விடலாம்."

அவர் வெகுநேரம் உதட்டோடு போராடி, "பசங்க?" என்றார்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "பசங்க பசங்கன்னு நானும் ஓடாத் தேஞ்சு போயாச்சு. யாரு என்னைக் கேட்டா? நீங்களாவது கேளுங்க." அவர் கேட்கவில்லை. இடது கையால் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் தட்டிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மறுநாள் வகுப்பில் நுழையும்போது ஒரு முடிவோடுதான் போனாள். அசமன்பாட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. பலகையில் ஒரு முக்கோணம் போட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். முக்கோணத்துக்கு மூன்றாவது பக்கம் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், நேத்து அது ஏன் தப்பு?"

கேட்டது உருளை என்கிறவன். வாய்ப்பாடே தகராறான பையன். கணக்கு வகுப்பில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மற்ற நேரமாக இருந்தால் அவள் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது, இவனுக்கு இன்றைக்கா ஞானோதயம் வர வேண்டும் என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் அப்புறம்."

"நாங்க நீங்க சொன்ன மாதிரிதானே டீச்சர் திருப்புனோம்?"

குறை சொல்வதற்காக அவன் அதைக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவள் சாக்பீஸை வைத்துவிட்டுப் பாதியில் நின்ற முக்கோணத்தை டஸ்டரால் துடைத்தாள். பிறகு, "எல்லாரும் எந்திரிச்சு வெளிய வாங்க" என்றாள்.

வகுப்பு இருந்தது நடு மாடியில். வாசலை ஒட்டி மாடிப்படி, மேலேயும் போகும் கீழேயும் போகும். "நாம நிக்கிற இந்தத் தளம் சைபர். மேல போற படி பிளஸ், கீழ போற படி மைனஸ்" என்றாள். நெட்டை என்று பெயர் வாங்கிய பையனை மேலே இரண்டாவது படியிலும் குருவியை மேலே ஐந்தாவது படியிலும் நிறுத்தினாள்.

"யார் மேல?"

"குருவி."

"ரெண்டு பேரும் மூணு மூணு படி இறங்குங்க. இப்ப யார் மேல?"

நெட்டை தளத்தைத் தாண்டி ஒரு படி கீழே போய் நின்றான். குருவி மேலே இரண்டாவது படியில் நின்றாள். "இப்பவும் குருவிதான் டீச்சர்."

"அவன் மைனஸுக்குப் போயிட்டானே, குறி திரும்புச்சா?"

"இல்ல."

"பழைய இடத்துக்குப் போங்க. இப்ப ரெண்டு பேரையும் மைனஸ் ஒண்ணால பெருக்கறேன். மேல எத்தனையாவது படியோ, கீழ அத்தனையாவது படி. போங்க."

நெட்டை கீழே இரண்டாவது படியில் நின்றான். குருவி அவனைத் தாண்டித் தடதடவென்று ஐந்தாவது படிக்கு இறங்கி, அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நெட்டை மேல போயிட்டான் டீச்சர்" என்றான் உருளை மெதுவாக.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்? என்னைப் போய் இவ்வளவு கீழ தள்ளிட்டீங்க" என்று கீழேயிருந்து குருவி கேட்டாள்.

"நீ அவ்வளவு மேல ஏறியிருந்தே, அதான்."

சிரிப்பு அலையடித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு உருளையைக் கீழே நாலாவது படியிலும் இன்னொருத்தியை ஆறாவது படியிலும் நிறுத்தி, இருவரையும் இரண்டால் வகுத்தாள். இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் வந்தார்கள். உருளைதான் அப்போதும் மேலே. "ரெண்டு பேருமே மைனஸ்லதான் நிக்கிறோம், ஆனா திரும்பலையே" என்று அவனே சொன்னான். "மைனஸ் இருக்கறதுனால திரும்பாது. மைனஸால வகுத்தாத்தான் திரும்பும். அதான டீச்சர்?"

"அதான்" என்றாள் டீச்சர்.

சத்தம் கேட்டு டிராயிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். நிலைமை புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்கு எட்டுனதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீங்களே டீச்சர்."

அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. வகுப்புக்குள் போய் எல்லாருக்கும் கணக்குக் கொடுத்தாள். உருளை உட்பட அத்தனை பேரும் சரியாகப் போட்டார்கள். திருத்தத் திருத்த ஒரு பக்கம் மனம் நிறைந்தது, மறுபக்கம் தன் வீட்டுக் கதவைத் தானே வெளியிலிருந்து பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் இரண்டாவது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷம் வரை அவர் விழாமல் இருக்க வேண்டும்.

ஆய்வாளர் சொன்னபடி வந்தார். தலைமையாசிரியை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் பக்கவாட்டில் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். எதிர்பார்க்க அவளுக்கு எதுவும் இல்லை. பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள், தலைமையாசிரியை முகம் மலரும், மாடு தொழுவத்திலேயே இருக்கும்.

ஆய்வாளர் 3x > −12 என்று எழுதினார். "தாள்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். தலைகள் குனிந்தன. பென்சில்கள் ஓடின. பிறகு தலைகள் நிமிர்ந்தன.

கைகள் திரும்பின. அத்தனை கைகளும், ஒரே வீச்சில். "எக்ஸ், மைனஸ் நாலைவிடச் சிறிது சார்!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் மொத்த வகுப்புக்குமா ஒரே இடத்தில் சறுக்கும்?

"ஏன்?" என்றார் ஆய்வாளர், அலுப்போடு.

"மைனஸ் இருக்கு சார்" என்றாள் குருவி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. போன வாரம் சொன்ன அதே ராகம், ஒரு சுருதி பிசகவில்லை. நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தான்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த உருளையின் தாளை டீச்சர் பார்த்தாள். x > −4 என்று அவனுடைய கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. சரியான விடை. அவள் பார்ப்பது தெரிந்ததும் அவன் முழங்கையை நகர்த்தி அதை மூடினான். அடுத்த மேஜையைப் பார்த்தாள். அங்கேயும் x > −4, அதன் மேல் ஒரு கை. அதற்கடுத்த மேஜையிலும் அதேதான். எல்லாரும் சரியாகப் போட்டுவிட்டு, எல்லாரும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாளைப் பாருங்கள் சார் என்று சொன்னால் அவள் பேர் நிமிர்ந்துவிடும். இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சம்பாதித்தது அந்தப் பேர் ஒன்றைத்தான். வாய் வரை வந்தது. குருவி விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி, வேண்டாம் டீச்சர் என்பது மாதிரி அவளைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் எதையோ எழுதிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே வெளியே போனார். பிள்ளைகளுக்கு அடிப்படையே புரியவில்லை என்று அவர் தலைமையாசிரியையிடம் சொன்னது நடைபாதையிலிருந்து கேட்டது.

மதியம் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார். "உங்க மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல டீச்சருக்கு வழியில்லாமல் போனது. இனிமேல் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. போகிற இடத்துக்கும் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

அன்றைய கடைசி வகுப்பு அவளுடையது. உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

"யாரோட வேலை இது?"

குருவி எழுந்தாள். அவள் எழுந்ததும் நெட்டை எழுந்தான், உருளை எழுந்தான், பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"பொய் சொல்லவா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"பொய் சொல்லல டீச்சர்" என்றாள் குருவி. "கணக்கைத்தான் தப்பாச் சொன்னோம்."

"ஏன்?"

"அன்னைக்கு நீங்க டிராயிங் சார்கிட்ட பேசினது இங்க கேட்டுச்சு." அவள் ஒட்டுப்பலகைத் தடுப்பைக் காட்டினாள். "அங்கிள் கூப்பிட்டா யாருக்கும் கேக்காதாமே டீச்சர். நீங்க வீட்டுக்குப் போங்க."

"எங்களுக்கு நல்லாத் தெரியும் டீச்சர். மூணால வகுத்தா திரும்பாது. புதுசா யார் வந்து கேட்டாலும் சரியாச் சொல்லிடுவோம்" என்றான் உருளை.

அவர்களைத் திட்ட வேண்டும் என்று நினைத்தாள். அணைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. "காலையில போட்ட தாளை எடுத்து வைங்க" என்றாள். ஒவ்வொரு மேஜையாகப் போனாள். மூடிக் கசங்கிய ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் சரி போட்டாள். ஒருத்தி மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "புது டீச்சரும் எங்கள மாடிப்படிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று டீச்சர் உண்மையைச் சொன்னாள். மணி அடித்த பிறகும் யாரும் போகவில்லை. கடைசித் தாளுக்கும் சரி போட்டுவிட்டுத்தான் அவள் பையை எடுத்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தையும் கையில் இருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "விட்டு... விட்டாங்களா?"

"பெரிய டீச்சர் விடல" என்றாள். "பசங்க விட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து சொல்கிறேன் என்று உள்ளே போனவள், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வெகுநேரம் அழுதாள்.